பவர்ஹவுஸ் மாடலில் இல்லாத வீடுகள்

அவர் வந்த அன்றைக்கே எங்கள் இருவருக்கும் ஆகாமல் போனது. சென்னையிலிருந்து கப்பலில் வந்து இறங்கி, வழியெல்லாம் வாந்தி எடுத்த முகத்தோடு, போர்ட் பிளேர் டாலிகஞ்சில் ஹார்டுவேர் கடைக்கு மேலே இருந்த எங்கள் ஆபீஸ் மாடிப்படியை ஏறி வந்தார். அறையில் இருந்த கம்ப்யூட்டர்களில் ஒன்றுதான் உருப்படியானது. அதன் முன்னால் நான் உட்கார்ந்திருந்தேன். என்னைப் பார்த்தார், கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

"டைப்பிங் வேலைக்கு எதுக்கும்மா இத்தனை பெரிய சிஸ்டம்?" என்றார்.

"நான் டைப்பிஸ்ட் இல்ல சார். கட்டிடத்தையெல்லாம் கம்ப்யூட்டர்ல மாடல் பண்றேன்."

"ஓ! இங்கயும் அதெல்லாம் சொல்லித் தர்றாங்களா?"

அந்த "இங்கயும்" என்ற சொல்லை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. மன்னிக்கும் உத்தேசமும் இல்லை.

டிசைன் இன்சார்ஜ் என்று அவரைக் கோயம்புத்தூரிலிருந்து வரவழைத்தவர் எங்கள் முதலாளி. தீவிலேயே பிறந்த பெங்காலிக்காரர். மாலிக் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். அரசு இலாகாக்களுக்குத் தண்ணீர்த் தொட்டி, பம்ப் ஹவுஸ், கொட்டகை என்று கட்டிக் கொடுக்கிற கான்ட்ராக்டர். சுனாமி வந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்த அந்தக் காலத்தில் அவருக்கு வேலைக்குக் குறைவே இல்லை. கடல் கொண்டுபோனதையெல்லாம் திரும்பக் கட்ட வேண்டியிருந்தது.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். என் அப்பா அம்மா சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பியவர்கள். அரசாங்கம் அவர்களை நிக்கோபார் பக்கத்துத் தீவு ஒன்றில் ரப்பர் தோட்ட வேலைக்கு அனுப்பியது. நான் பிறந்தது அங்கேதான். தீவின் பெயரை எழுதப் போவதில்லை. சுனாமி வந்தபோது நான் போர்ட் பிளேரில் டிப்ளமா படித்துக்கொண்டிருந்தேன். அப்பாவும் அம்மாவும் ரப்பர் மேட்டுக்கு ஓடித் தப்பினார்கள். பிறகு வருஷக்கணக்கில் தகர ஷெட்டில் வெந்தார்கள். அதற்கும் பிறகுதான் மேட்டுநிலத்தில் தூண்கள் மேல் நிற்கும் புது வீடுகளைக் கட்டிக் கொடுத்தார்கள். அதில் ஒன்று எங்களுடையது. நான் கராச்சர்மாவில் சித்தி வீட்டில் தங்கி, பஸ்ஸில் ஆபீசுக்குப் போய் வந்துகொண்டிருந்தேன்.

இன்சார்ஜ் வந்து சேர்ந்த கொஞ்ச நாளில் அந்தத் தீவின் வேலையே எங்கள் ஆபீசுக்கு வந்தது. பழைய பவர்ஹவுஸ் கடலோரத்தில் இருந்தது. அதில் மிஞ்சியது அஸ்திவாரம் மட்டும்தான். ஒரு தற்காலிக ஜெனரேட்டர் சாயங்காலம் கொஞ்ச நேரம் ஓடும். அது நின்றால் தீவே இருட்டு. புதிய பவர்ஹவுஸ் மேட்டுநிலத்தில் வர வேண்டும் என்று இலாகா முடிவு செய்திருந்தது. மாலிக் டெண்டரைப் பிடித்துவிட்டார். வரைந்து காட்ட வேண்டியது நாங்கள்.

ஜெனரேட்டர் செய்கிற கம்பெனி தன் மெஷினின் மாடலை அனுப்பும். அதில் ஒவ்வொரு போல்ட்டும் இருக்கும், வாஷர் இருக்கும், போல்ட்டின் மரையைக்கூடச் சுற்றிச் சுற்றிச் செதுக்கியிருப்பார்கள். அப்படிப் பல ஜெனரேட்டர்கள், எண்ணெய்த் தொட்டிகள், குழாய்கள், கேபிள் போகும் தட்டுகள், கொட்டகை, படிக்கட்டு எல்லாம் சேர்ந்த மொத்த மாடலையும் திறந்தால் கம்ப்யூட்டர் மூச்சு வாங்கும். மவுஸை அசைத்தால் படம் ரொம்ப யோசித்துவிட்டுத்தான் திரும்பும். சில சமயம் அப்படியே செத்துப்போகும்.

அதனால்தான் லைட் வியூ என்று ஒன்று செய்வோம். ஜெனரேட்டர் இருக்கிற இடத்தில் அதே நீளம், அகலம், உயரத்தில் வெறும் டப்பா. போல்ட் கிடையாது, கைப்பிடிக் கம்பி கிடையாது. குழாய் வேலை பார்ப்பவருக்கு ஒரு வியூ, கரண்ட் வேலை பார்ப்பவருக்கு ஒரு வியூ, கட்டிட வேலைக்கு இன்னொன்று. எதுவும் அழிந்துபோவதில்லை. அந்த நேரத்துக்குத் தேவையில்லாதது உள்ளே ஏறாமல் வெளியே நிற்கும், அவ்வளவுதான். கூப்பிட்டால் வந்துவிடும்.

அந்த வேலையில் நான் கெட்டிக்காரி. அடக்கமாகச் சொல்ல வேண்டிய அவசியம் எனக்கில்லை. எந்த வியூவில் எது வெளியே நிற்கிறது என்பது அதன் பெயரைப் பார்த்தாலே தெரியும்படி வைப்பேன். மறைத்து வைத்ததை மறந்துவிட்டால் ஆபத்து. குழாய் போகிற வழியில் தூண் நின்றுகொண்டிருக்கும். படத்தில் தூண் தெரியாததால் எல்லாம் சரியென்று கையெழுத்துப் போட்டுவிடுவார்கள்.

தீவிலிருந்து நில சர்வே வந்தது. மேடு, சரிவு, ரோடு, பவர்ஹவுஸுக்குக் குறித்த இடம். அதை ஒட்டிக் கீழ்ப் பக்கத்தில் வரிசையாகச் சின்னச் சின்னச் சதுரங்கள். புதுக் குடியிருப்பு. எங்கள் வீடு எந்தச் சதுரம் என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. நிலத்தையும் ரோட்டையும் மாடலில் ஏற்றியதுபோலவே அந்த வீடுகளையும் ஏற்றினேன். தூண்கள், மேலே ஒரு பெட்டி, அதற்கு மேல் ஒரு கூரை. அதில் என் வீடு இருப்பதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயமாகவும் தோன்றவில்லை.

இன்சார்ஜ் லேஅவுட் போட்டார். புகைபோக்கிகளும், எஞ்சின் சூட்டை வெளியே தள்ளும் பெரிய விசிறிகளும் கீழ்ப் பக்கம் பார்த்தபடி வைத்தார். அதாவது வீடுகளைப் பார்த்து.

"சார், இந்தப் பக்கம் ஜனங்க இருக்காங்க," என்றேன்.

"இருந்தா என்ன? காம்பவுண்டுக்கு வெளியதானே இருக்காங்க."

"அனல் எல்லாம் நேரா வீட்டுக்குள்ள போகும் சார். சத்தம் வேற. எதிர்ப் பக்கம் திருப்பினா காடுதான்."

"எதிர்ப் பக்கம் மலைச்சரிவு. வெட்டிப்போட்டு சுவர் எழுப்போணும். வெட்டற மெஷின் மெயின்லேண்ட்ல இருந்து பார்ஜ்ல வரோணும். அதுக்கு நீ கப்பல் ஓட்டறயா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். "ஏம்மா, நமக்குச் சொன்னது பவர்ஹவுஸ். ஊர்க்கவலை எல்லாம் நம்ம வேலை இல்ல."

அவருக்கு ஹிந்தி தெரியாது. எங்கள் ஊரில் அது பெரிய ஊனம். மாலிக்கோடு பேச, வெல்டரோடு பேச, டீ கொண்டு வருகிறவரோடு பேச, எல்லாவற்றுக்கும் நான் வேண்டும். அதுவே அவருக்கு எரிச்சல். "இது என்ன ஊரு, நம்ம ஆளுங்களே ஹிந்தில பேசிட்டுத் திரியறாங்க," என்பார். மழை பெய்தால் திட்டுவார். நெட் வேலை செய்யாவிட்டால் என்னைத் திட்டுவார், ஏதோ கடலுக்கடியில் கம்பி வராமல் நான்தான் தடுத்துவிட்டதுபோல. அவர் மாலிக்கிடம் நீளமாக எதையாவது விளக்கினால், நான் ஹிந்தியில் ஒரே வரியில் சொல்லி முடிப்பேன். "நான் இவ்வளவு நேரம் பேசினேன், நீ அவ்வளவுதான் சொன்னியா?" என்பார். "அவ்வளவுதான் சார் அதுல இருந்துச்சு," என்பேன்.

ஒருநாள் மாலிக்கோடு டீ குடிக்கும்போது என்னை வைத்துக்கொண்டே, என்னை விட்டே மொழிபெயர்க்கச் சொல்லி, "சுனாமி ஷெட்ல இருந்த குடும்பத்துப் பொண்ணு, பாவம், எல்லாத்துக்கும் பயப்படுது" என்றார். நான் மாலிக்கிடம், "சாருக்கு இங்கத்திய டீ பிடிக்கலையாம்," என்றேன். மாலிக் முகம் சுருங்கியது. டீ அவர் வீட்டிலிருந்து வருவது.

இலாகா மீட்டிங்குக்கு நாள் குறித்தார்கள். மாடலை ப்ரொஜெக்டரில் காட்ட வேண்டும். அதற்காக ஒரு லைட் வியூ செய்யச் சொன்னார் இன்சார்ஜ்.

"நிலம், வீடு ரெண்டையும் எடுத்துப்போடு. பச்சையா ஒரு தரை வை. நாலு மரம் நடு."

"வீட்ட எடுத்தா பவர்ஹவுஸ் எங்க நிக்குதுன்னே தெரியாதே சார்."

"தெரிய வேண்டாம்னுதான் சொல்றேன்."

"நான் எடுக்கல. வேணும்னா நீங்க எடுத்துக்கோங்க."

அவர் முகம் கறுத்தது. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்து என் கையிலிருந்து மவுஸைப் பிடுங்கினார். அவரே வியூ செய்தார். வீடுகளை வெளியே நிறுத்தினார், மேட்டை வெளியே நிறுத்தினார், கால்பந்து மைதானம்போல ஒரு பச்சைத் தரையை வைத்தார். மாடலைத் திறந்ததும் முதலில் வருவது அந்த வியூவாக இருக்கும்படி மாற்றிவைத்தார். பிறகு, "நாளையிலிருந்து நீ அந்த மூலை சிஸ்டத்துல உக்காரு," என்றார்.

மூலை சிஸ்டம் கிழடு. அதில் முழு மாடல் திறக்கவே திறக்காது. அவருக்கும் அது தெரியும். ஆனால் லைட் வியூ செய்ய முழு மாடல் தேவையில்லை என்பது அவருக்குத் தெரிந்த அளவு எனக்கும் தெரியும். அடுத்த நாள் அவர் சாப்பிடப் போயிருந்தபோது நானும் ஒரு வியூ செய்தேன். மொத்த பவர்ஹவுஸையும் வெளியே நிறுத்திவிட்டு, ஊழியர்களுக்கான கக்கூஸை மட்டும் உள்ளே விட்டேன். திறந்ததும் வருவது அதுதான் என்று மாற்றி வைத்தேன். சாப்பிட்டு வந்தவர் மாலிக்கைக் கூட்டிவந்து, பெருமையாக மாடலைத் திறந்தார். அந்தரத்தில் ஒரு கக்கூஸ் நின்றது. வேறொன்றும் இல்லை.

மாலிக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பாக்கி கஹான் ஹை?" என்றார். மிச்சம் எங்கே என்று கேட்கிறார்.

நான் மொழிபெயர்க்கவில்லை. இன்சார்ஜுக்கே புரிந்துவிட்டது. மாலிக் போனதும் என் மேஜைக்கு வந்து நின்றார். "உன்னைத் தொலைச்சுப்போட்டுத்தான் இந்த ஊரை விட்டுப் போவேன்," என்றார். கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. ஆனாலும் அன்று பஸ்ஸில் போகும்போது தனியாகச் சிரித்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் தள்ளி உட்கார்ந்தாள்.

மீட்டிங்குக்கு என்னைக் கூட்டிப்போக அவருக்கு விருப்பமில்லை. ஆனால் அங்கே கேள்வி எல்லாம் ஹிந்தியில் வரும். கூட்டிப்போயே ஆக வேண்டும். கம்ப்யூட்டர் பெட்டியைப் போர்வையில் சுற்றி ஜீப்பில் என் மடிமீது வைத்துக்கொண்டு போனோம். இலாகா அறையில் நீள மேஜை, அதன் தலைமாட்டில் பெரிய இன்ஜினியர், சுற்றிலும் அவர் ஆட்கள். நான் மவுஸோடு ஓரத்தில்.

திறந்ததும் இன்சார்ஜ் செய்த வியூ வந்தது. இந்த முறை நான் எதையும் மாற்றியிருக்கவில்லை. பச்சைத் தரை, மரங்கள், நடுவில் பளபளவென்று பவர்ஹவுஸ். எல்லோருக்கும் பிடித்துப்போனது. மாலிக் வயிற்றைத் தடவிக்கொண்டார். அப்போது பெரிய இன்ஜினியர் சிகரெட்டால் திரையைக் காட்டி, புகைபோக்கி இருக்கும் பக்கம் என்ன இருக்கிறது என்று ஹிந்தியில் கேட்டார். நான் இன்சார்ஜுக்குத் தமிழில் சொன்னேன்.

அவர் நேராகப் பெரிய இன்ஜினியரைப் பார்த்து, "ஓப்பன் லேண்ட் சார். ஜங்கிள்," என்றார்.

அதை மொழிபெயர்க்க வேண்டிய தேவை இருக்கவில்லை. அந்த மேஜையில் யாரும் அந்த மேட்டில் ஏறியதில்லை. இரண்டு தூண்களுக்கு நடுவில் கயிறு கட்டி அம்மா துணி காயப்போடுகிற இடம் இவருக்கு ஜங்கிள்.

வியூக்களின் வரிசையைத் திறந்தேன். 'முழு மாடல், எல்லாம் உள்ளே' என்று நான் பெயர் வைத்ததை அழுத்தினேன்.

அது சட்டென்று வரவில்லை. மணற்கடிகாரம் திரையில் நின்றது. எல்லோரும் அதைப் பார்த்தார்கள். இன்சார்ஜுக்கு நான் என்ன செய்கிறேன் என்று விளங்கிவிட்டது. உதட்டை அசைக்காமல், "மூடு. மூடு சொல்றேன். மூடிப்போடு," என்றார். என் நாற்காலியின் காலை உதைத்தார். நான் மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். முதலில் மேடு வந்தது. பிறகு ரோடு. பிறகு ஒவ்வொன்றாக வீடுகள் வந்து உட்கார்ந்தன, புகைபோக்கிக்கு நேர் எதிரே.

"யே க்யா ஹை?" இது என்ன என்றார் பெரிய இன்ஜினியர்.

"கர் ஹை, சார்," என்றேன். "லோக் ரஹதே ஹைன்." வீடுகள், ஆட்கள் குடியிருக்கிறார்கள் என்றேன்.

அவர் மனம் இளகியதாக யாரும் நினைக்க வேண்டாம். அவருக்குக் கோபம்தான் வந்தது. ஃபைல் முடியும் நேரத்தில் கெட்டுப்போன கோபம். வீடு இருக்கிறது என்று தெரிந்தபின் கையெழுத்துப் போட முடியாது. நாளைக்கு யாராவது மனுக் கொடுத்தால் அவர் தலைதான் உருளும். "பஹலே க்யோன் நஹீன் போலா?" என்று மாலிக் மீது பாய்ந்தார். முன்னாலேயே ஏன் சொல்லவில்லை என்று. லேஅவுட்டைத் திருப்பிப் போட்டு வரச் சொல்லி எழுந்துவிட்டார்.

ஜீப்பில் மாலிக் முன்சீட்டில் ஏறிக்கொண்டார். பின்னால் நானும் இன்சார்ஜும், நடுவில் கம்ப்யூட்டர் பெட்டி.

"பெரிய காரியம் பண்ணிப்போட்டதா நெனப்பு," என்றார் அவர். "திருப்பிப் போட்டா இந்த மழைக்கு முன்னாடி வேலை ஆரம்பிக்காது. மழை முடிஞ்சுதான் பார்ஜ் வரும். அந்த ஜனம் இன்னொரு மழைக்காலம் இருட்டுல கெடக்கும். அதுக்கு நீதான் காரணம். ஞாபகம் வெச்சுக்க."

"ஜங்கிள்னு பொய் சொன்னது யாரு?"

"நீ வாயை மூடியிருந்தா கரண்ட் வந்திருக்கும்."

மாலிக் என்னை வேலையைவிட்டு அனுப்புவார் என்றுதான் நினைத்தேன். அனுப்பவில்லை. நல்ல மனசால் அல்ல. மாடலில் எது எங்கே இருக்கிறது என்று தெரிந்தவள் நான் ஒருத்திதான். இன்சார்ஜையும் அனுப்ப முடியாது, லேஅவுட் அவருடையது. இரண்டு பேரையும் ஒரே அறையில் உட்காரவைத்து, திருப்பிப் போட்டு முடிக்கிற வரை வெளியே வராதீர்கள் என்றார்.

அதன் பிறகு மாதக்கணக்கில் நாங்கள் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. வேலை மட்டும் நடந்தது. அவர் தன் பகுதியை முடித்து ஒரு வியூவாக வைப்பார்; பெயரில் சேதி இருக்கும். 'ரேடியேட்டர் திருப்பியாச்சு, குழாய் பாரு' என்று இங்கிலீஷ் எழுத்தில் தமிழ். நான் பார்த்துவிட்டு அடுத்த வியூவுக்கு, 'பார்த்தாச்சு, படிக்கட்டில் இடிக்குது' என்று வைப்பேன். அவர், 'இடிக்காது, கண்ணைத் தொறந்து பாரு' என்று வைப்பார். உண்மையில் சில சமயம் இடிக்காது. நான் கைப்பிடிக் கம்பியின் பழைய அளவை வைத்துப் பார்த்திருப்பேன். அப்போது பதில் வைக்காமல் அடுத்த வேலைக்குப் போய்விடுவேன். அவரும் தவறு என்று தெரிந்தால் சத்தமில்லாமல் மாற்றிவிடுவார். ஒப்புக்கொள்வது என்பது இரண்டு பேருக்குமே வராத பழக்கம்.

ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். வேலை தெரிந்த மனிதர். மலைச்சரிவைக் குறைவாக வெட்டிக் கட்டிடத்தைக் கொஞ்சம் சாய்த்து வைத்தால் சுவர் பாதியாகக் குறையும் என்று அவர்தான் கண்டுபிடித்தார். நான் அதை மாடலில் வைத்துப் பார்த்தேன். சரியாக உட்கார்ந்தது. அன்று எனக்கு அவர்மீது இருந்த வெறுப்பு இன்னும் கூடியது. இவ்வளவு தெரிந்தவர் முதலிலேயே இதைச் செய்திருக்கலாம் அல்லவா?

இலாகா புதிய லேஅவுட்டை ஏற்றுக்கொண்டது. கொஞ்ச நாளில் அவர் ஊருக்குக் கிளம்பினார். கடைசி நாள் மேஜையைக் காலி செய்துகொண்டிருந்தவர், என் பக்கம் திரும்பாமலே பேசினார்.

"கீழ்வரிசையில கடைசிக்கு முந்தின வீடு. உங்கப்பன் வீடு. அதானே?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எல்லா வீட்டுக்கும் வெறும் பெட்டி வெச்ச. அந்த ஒண்ணுக்கு மட்டும் முன்னாடி படி வெச்சிருந்த. லைட் வியூ பண்றவ தேவையில்லாம ஒரு படியை ஏன் வெக்கறா? முதல் வாரமே தெரியும்."

"தெரிஞ்சும்தான் அந்தப் பக்கம் புகையைத் திருப்பினீங்களா?"

"தெரிஞ்சதாலதான் உன் பேச்சைக் கேக்கல. சொந்த வீட்டுக்காக மாடலை வளைக்கிற ஆளை நான் எந்த ஆபீஸ்லயும் நம்பினதில்ல."

"மத்த வீட்டுல இருக்கறதும் மனுஷங்கதான் சார். நான் அவங்களுக்கும்தான் கேட்டேன்."

"இருக்கலாம்," என்றார். "ஆனா படி ஒரு வீட்டுக்குத்தான் இருந்துச்சு."

பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். போய் வருகிறேன் என்று அவரும் சொல்லவில்லை, போய் வாருங்கள் என்று நானும் சொல்லவில்லை. அந்தப் படியை எப்போது வைத்தேன் என்று எனக்கே நினைவில்லை. வைத்திருந்தேன் என்பது திறந்து பார்த்தபோது தெரிந்தது. அதை எடுக்கவில்லை. எடுக்க வேண்டிய காரணமும் எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

அந்த மழைக்காலத்தில் லீவு போட்டு ஊருக்குப் போனேன். கப்பலிலிருந்து இறங்கி, டிரக்கில் மேட்டுக்கு வந்து சேர்ந்தபோது என்னைப் பார்த்து யாரும் முகம் மலரவில்லை. இலாகாவின் லைன்மேன் ஒருவர் ஊர் முழுக்கச் சொல்லியிருந்தார்: பவர்ஹவுஸ் இந்நேரம் ஓடியிருக்கும், உங்கள் ஊர்ப் பெண்தான் மீட்டிங்கில் நிறுத்திவிட்டாள் என்று.

பக்கத்து வீட்டு அம்மாள் படிக்கட்டிலேயே என்னை நிறுத்தினாள். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், எங்களோடு சுவர் பகிர்ந்தவள்.

"நீயா அத நிப்பாட்டினது?"

"நிப்பாட்டல. திருப்பிப் போட்டாங்க. பொக நம்ம வீட்டுக்குள்ள வந்திருக்கும்."

"எம் மருமவ டார்ச் வெளிச்சத்துல புள்ள பெத்தா, தெரியுமா? நர்சு வாயில டார்ச்சக் கடிச்சுக்கிட்டுத் தச்சா. ஒன்னய யாரு கேட்டா? எங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டியா?"

பதில் சொல்ல வாயெடுத்தேன். அவள் நிற்கவில்லை. தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அப்பா என் பக்கம் பேசுவார் என்று எதிர்பார்த்தேன். ரப்பர் பால் வாடை மாறாத கையைத் தகர டப்பாத் தண்ணீரில் கழுவிக்கொண்டே அவர் சொன்னார்: "பொகையோட இருந்திருப்போம் புள்ள. இருட்டோட இருக்க ஏலாது."

"அந்தச் சத்தம் எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியாதுப்பா. பகல் ராத்திரி ஓடும். அனல் ஜன்னல் வழியா வரும். அம்மாவுக்கு ஏற்கெனவே இழுப்பு. அந்தப் பொகையில எத்தன வருஷம் இருப்பாங்க?"

"அது அப்பறம் பாக்குறது."

"அப்பறம்னா யாரு பாக்குறது? கட்டினப்புறம் அத யாராவது திருப்புவாங்களா? எங்க கொண்டுபோய்ப் போட்டாலும் சரின்னு தலையாட்டித்தான இங்க வந்து நிக்கிறீங்க! தேயில பறின்னா பறிச்சீங்க, கப்பல்ல ஏறுன்னா ஏறினீங்க, ரப்பர் வெட்டுன்னா வெட்டினீங்க."

அம்மா, "வாய மூடு," என்றாள். அப்பா துண்டால் கையைத் துடைத்துவிட்டு வெளியே போனார். சாயங்காலம் கரண்ட் வரும் நேரத்தில் திரும்பி வந்தார். பல்பு எரிந்த அந்தக் கொஞ்ச நேரமும் நாங்கள் மூவரும் சுவரைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டோம். அது அணைந்ததும் அம்மா மெழுகுவர்த்தியைத் தேடினாள். நான் சொன்ன வார்த்தையை நான் திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை. அவரும் சொன்னதைத் திருப்பி வாங்கவில்லை. லீவு முடியும் முன்பே அடுத்த கப்பலில் ஏறிவிட்டேன்.

மழை முடிந்து பார்ஜில் மெஷின் போய் இறங்கியது. மலைச்சரிவை வெட்டினார்கள். சுவர் எழும்பியது. ஜெனரேட்டர்கள் போய்ச் சேர்ந்தன. என் வேலை முன்பே முடிந்திருந்தது. மாலிக் என்னை வேறு தீவின் தண்ணீர்த் தொட்டிக்கு மாற்றியிருந்தார். நல்ல கம்ப்யூட்டர் எனக்கே திரும்பக் கிடைத்தது. கோயம்புத்தூரிலிருந்து இன்னொரு ஆளை வரவழைக்கும் எண்ணம் மாலிக்குக்கு இருக்கவில்லை. எனக்கு இன்சார்ஜ் என்ற பெயரைக் கொடுக்கும் எண்ணமும் இருக்கவில்லை. வேலையை மட்டும் கொடுத்தார்.

பவர்ஹவுஸைத் திறந்தபோது யாரும் என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிடுவார்கள் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. ஆபீசில் இருந்தபோது அப்பாவிடமிருந்து போன் வந்தது. சண்டைக்குப் பிறகு அவராகக் கூப்பிட்ட முதல் தடவை அது.

"கரண்ட் வந்துருச்சு," என்றார். "இனி நாள் முழுசும் இருக்குமாம்."

"பொக வருதா?"

"இல்ல. அந்தப் பக்கம் போவுது."

"சத்தம்?"

"கேக்குது. லேசா. ஒங்கம்மா தூங்கிட்டா."

பக்கத்து வீட்டு அம்மாள் இன்னும் கோபமாக இருக்கிறாளா என்று கேட்டேன்.

"இருக்கா," என்றார் அப்பா. "ஃபேன் போட்டுக்கிட்டு ஒக்காந்து திட்டுறா."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும் வந்திருக்க வேண்டும், இருமுவதுபோல ஒரு சத்தம் கேட்டது. பிறகு பேலன்ஸ் தீர்ந்துவிடும் என்று சொல்லி வைத்துவிட்டார்.